கடை பேசும்

ஹட்டனில் பஸ்ஸை விட்டு இறங்கிய லோஜினி, கேட்க வந்த கேள்வியை மனத்துக்குள் மீண்டும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அன்றைக்கு ஏன் பதில் பேசவில்லை? அவ்வளவுதான் கேள்வி.

பதில் கிடைத்ததும், பையில் இருக்கும் வானொலிச் செட்டைக் கடைக்காரர் பத்திநாதனின் மேசைமேல் போட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும். மஸ்கெலியாவில் ஏறும்போதே அதை முடிவு செய்திருந்தாள்.

கடை இருந்த இடத்தில் கடை இல்லை.

மூங்கிலும் செப்புக் கம்பியுமாக வானத்தைத் துழாவிய அந்தக் கூரை இல்லை. ஈயம் உருகும் வாசனை இல்லை. கண்ணாடி முகப்போடு ஒரு கைப்பேசிக் கடை நின்றது. உள்ளே விளக்குகள் பகலைப் பழித்துக்கொண்டு எரிந்தன.

பக்கத்தில் வெற்றிலை விற்கும் வீரம்மாதான் விவரம் சொன்னாள். கட்டடம் கைமாறிவிட்டதாம். பத்திநாதன் சித்திரையிலேயே வத்தளைக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டாராம். கூரையில் இருந்த கம்பிகளைப் பழைய இரும்புக்காரன் அள்ளிக்கொண்டு போனானாம்.

சித்திரை. மண் சரிந்து மலை இறங்கியதோ கார்த்திகையில்.

அப்படியென்றால் அன்று அவள் அழைத்தது, இல்லாத ஒரு கடையை.

பத்திநாதன் விற்றது கொஞ்சம், கற்றுக் கொடுத்தது அதிகம். காட்டை வெட்டி மலையைப் பசுமையாக்கிய மக்களுக்கு, நாலு தலைமுறை கழிந்தும் சொந்தப் பெயருக்குக் கடிதம் வந்துசேர ஒரு முகவரி இல்லை. கடிதம் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அவர்கள் கொடுத்தால் கிடைக்கும். அந்த மக்களின் மகளை, பிள்ளைக்காம்பராவில் ஊரார் குழந்தைகளுக்குத் தொட்டில் ஆட்டும் ஒருத்தியை, பரீட்சை எழுதவைத்தது அந்தக் கடை. வானொலியில் பேச உரிமம் வாங்கித் தந்தது. உலகத்தில் வேறெவருக்கும் இல்லாத ஓர் அழைப்புக் குறியை அவள் கையில் வைத்தது. இது தோட்டத்துத் துரைக்கும் கிடைக்காத முகவரி என்று பத்திநாதன் சிரிப்பார். அடுத்தவர் முடிக்குமுன் வாய் திறப்பவர்களிடம், இது காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம் இல்லை, இங்கே கத்துகிறவன் கங்காணி ஆக முடியாது என்பார்.

அந்தக் கடைக்கு ஒரு சட்டம் இருந்தது.

முன்பொரு நாள் மலைப்பாதையில் பஸ் ஒன்று உருண்டபோது, செட் வைத்திருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எந்த வளைவு என்பது ஒருவர் காதிலும் விழவில்லை. அன்றே சட்டம் பிறந்தது. அபாயக் குரல் எழுந்தால் கடை பேசும். மற்ற வாய்கள் மூடியிருக்கும். படிக்க வந்தவர்கள் எல்லாரும் அதைச் செபம்போல ஒப்பித்தார்கள். லோஜினியும் ஒப்பித்தாள். பாட்டரி வீணாகக்கூடாதென்று, ஆபத்துக்காகவே செட்டை அணைத்து வைத்திருந்தாள்.

ஆபத்து ஒரு காலையில் வந்தது. தொழிலாளர் வீடுகள் வரிசையாய் நின்ற லயத்தின் மேல் மலை இறங்கியது. கைப்பேசிக் கோபுரங்கள் முன்னமே செத்துக் கிடந்தன. கடைசிக் காம்பராவின் கூரைத் தகரத்துக்குக் கீழிருந்து யாரோ தட்டினார்கள். அவள் கணவன் சுதாகரன். உயிரோடு இருந்தான்.

மண்வெட்டிகள் அந்த மண்ணுக்குப் போதவில்லை. டவுனிலிருந்து மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் வந்தாக வேண்டும். பாதை அப்போது திறந்துதான் இருந்தது. சொல்லத்தான் ஒரு வாய் வேண்டியிருந்தது.

அவள் அழைத்தாள். தன் குறியைச் சொல்லி, தோட்டத்தின் பெயரைச் சொல்லி, திரும்பத் திரும்ப அழைத்தாள். ஒவ்வொரு முறையும், பேசுவதற்கு அழுத்திய பொத்தானை விட்டதும் வெறும் இரைச்சல். இரைச்சலுக்கு நடுவே தகரத்தின்மேல் குனிந்து அவனுக்குத் தைரியம் சொன்னாள்.

"கடை பேசும்ங்க. கொஞ்சம் பொறுத்துக்கங்க."

வெயில் உச்சிக்கு ஏறுமுன் தட்டல் நின்றது.

அதன்பிறகு அவளை நிற்கவைத்தது பத்திநாதன் மேலிருந்த கோபம் ஒன்றுதான். இப்போது அந்தக் கோபத்துக்கும் முகவரி இல்லை.

நம்ப மனமில்லாமல் செட்டை வெளியே எடுத்து முடுக்கினாள். அதே இரைச்சல்.

கண்ணாடி முகப்பையே பார்த்துக்கொண்டு நின்ற ஓர் இளைஞன் அந்த ஓசைக்குத் திரும்பினான். செட்டைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. திம்புள்ளயில் வாத்தியார், பெயர் றொக்சன், தானும் இந்தக் கடையில் படித்தவன் என்றான். வரும்போதெல்லாம் இங்கே கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போவானாம். பத்திநாதன் சாரின் கிண்டலைச் சொன்னான். ஒரே தேத்தண்ணீரை நாலாகப் பகிர்ந்து குடித்ததைச் சொன்னான். இப்படியொரு கடை இனி எங்கே என்றான். பிறகு, ஒரே கடைப் பிள்ளைகள் என்ற உரிமையில், அக்காவின் குறி என்ன என்று கேட்டான்.

அவள் சொன்னாள். பழக்கத்தில் தோட்டத்தின் பெயரும் சேர்ந்தே வந்தது.

அவன் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

"கேட்டுச்சுங்க அக்கா. நல்லா தெளிவா கேட்டுச்சு. சார் கடையை வேற எடத்துக்கு மாத்திட்டாருன்னு நெனச்சோம், அவரு பேசுவாரு, நாம குறுக்க விழக்கூடாதுன்னு... நான் மட்டும் இல்லீங்க. அக்கரப்பத்தனையில, பூண்டுலோயாவுல, எல்லாருந்தான் கேட்டுக்கிட்டு இருந்தோம்."

லோஜினியின் விரல் பொத்தானை அழுத்தியது. செட்டில் சிவப்பு விளக்கு எரிந்தது.

றொக்சன், பழகிய பழக்கத்தில், வாயை மூடிக்கொண்டான்.