பதினான்காவது வரி

"எல்லா வேலைக்கும் நேரா ஒரு பேர் இருக்கணும். இருக்குதான்னு பாத்துரலாம் மேடம்" என்றார் பாடத்திட்டக் குழுத் தலைவர் தெய்வசிகாமணி.

மலர்விழி தாளை மேசை நடுவே தள்ளினாள். பெருமையாகத்தான் தள்ளினாள்.

கள்ளக்குறிச்சியில் அவள் வேலை பார்க்கும் கல்லூரிக்கு ஐ.டி. திட்ட மேலாண்மை என்று புதுப் பாடம் வருகிறது. பாடத்திட்டம் சாயங்காலத்துக்குள் பல்கலைக்கழகத்துக்குப் போயாக வேண்டும். வெளிநாட்டுக் கம்பெனிக் கதை வேண்டாம், நம்ம ஊர் உதாரணம் ஒன்று கொண்டுவருகிறேன் என்று அவள்தான் வீறாப்பாகச் சொல்லியிருந்தாள்.

கொண்டுவந்தது அப்பா தங்கதுரை கைப்பட எழுதிய திட்டம். 1987 செப்டம்பர், இட ஒதுக்கீட்டுச் சாலை மறியல். கச்சிராயபாளையம் ரோட்டில் எந்தப் புளியமரத்தை எப்போது சாய்ப்பது, ரம்பம் யார் வீட்டிலிருந்து வரும், எது முடிந்தால் எது தொடங்கும். பதினாறு வரிகள். சாதிச் சான்றிதழ் தேடியபோது தகரப் பெட்டியில் கிடைத்தது.

காலையில் அப்பா, "அத இன்னாத்துக்கும்மா எடுத்துக்கினு போற" என்று முணுமுணுத்தார். கூச்சம் என்று நினைத்தாள்.

வெளியே அதே இட ஒதுக்கீட்டுக்கு மறுபடியும் கோஷம் போய்க்கொண்டிருந்தது. ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள்.

"கம்ப்யூட்டரே இல்லாம இன்னாமா பிளான் போட்டுக்கீறாரு! நம்ம பசங்களுக்கு லேப்டாப் குடுத்தும் வரல."

தெய்வசிகாமணி வியந்தபடி விரலை வரிவரியாக இறக்கினார். ரம்பம், பொறுப்பு: வீரமுத்து. கயிறு, பொறுப்பு: பாவாடை. சிறுபாலத்தில் காவல், கொளஞ்சியப்பன்.

பதினான்காவது வரியில் விரல் நின்றது. சிரித்துவிட்டார்.

ஆஸ்பத்திரி வண்டி வந்தால் கிளையை இழுத்து வழி விடுவது. பொறுப்பு: எல்லாரும்.

"எல்லாரும்னா ஒருத்தரும் இல்லன்னு அர்த்தம். இதான் மேடம் பாடமே! இதனால இன்னா ஆச்சுன்னு ஒரு வரி சேத்துடுங்க, அனுப்பிடலாம்."

மலர்விழி அந்த 'எல்லாரும்' என்ற சொல்லையே மறுபடி படித்தாள்.

சின்ன வயதில் அவள் அப்பாவிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்வி. அம்மா பிரசவ வலியோடு கிடந்து செத்தாளே, ஆஸ்பத்திரிக்குப் போன அந்த ஜீப்புக்கு வழி விடாமல் நின்றது யார்?

அப்பா ஒவ்வொரு முறையும் ஒரே வார்த்தைதான் சொல்வார். "எல்லாரும்."

ஊரைத் திட்டுகிறார் என்றே இந்த முப்பத்துமூன்று வயது வரை நம்பியிருந்தாள்.

பேனாவைத் திறந்தாள். பாடத்திட்டப் படிவத்தில் விளைவு என்ற கட்டத்தில் தன் பிறந்த தேதியை எழுதினாள்.