ஸ்ரனிஸ்லாஸின் செடி

"ஒரேயொரு பூதான் கிடக்கு. என்ன செடியெண்டு பாக்க அதைப் பிச்சு வெந்நீருக்குள்ள ஊறப்போட வேணுமாம். என்ன செய்வம்?" என்று கணவனைப் பார்த்தாள் புஷ்பமலர்.

"அப்ப வேண்டாம். எடுத்துக்கொண்டு வாரும், போவம்," என்று ஞானப்பிரகாசம் எழும்பியே விட்டார்.

மனிதர் இந்தப் பயணத்துக்கு வராமலிருக்க ஒரு மாதமாகவே சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் கால் நோகிறது என்றார். பிறகு டொக்டர் நேரம் குறித்துத் தந்த டெர்மின் இருக்கிறது என்றார். அவள்தான் விடாப்பிடியாக ரயிலில் ஏற்றி, வீடு இருந்த பீலெஃபெல்ட் நகரிலிருந்து இந்த அருங்காட்சியகத்துக்குக் கூட்டி வந்திருந்தாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் லாரா காத்திருந்தாள். பாலைவனம் பாலைவனமாக அலைந்து செடி சேர்ப்பதுதான் அவளுடைய வேலை. பறித்ததைப் பேப்பருக்குள் வைத்து அழுத்தி, காய்ந்ததும் தடித்த தாளில் ஒட்டி, யார், எப்போது, எங்கே எடுத்தது என்று பதிந்து அலமாரியில் அடுக்கிவிடுவாள். சகாராச் செடி என்றால் அவளைத்தான் கேட்க வேண்டும் என்று மகன் றொனால்ட் விசாரித்துச் சொல்லியிருந்தான்.

அவனுக்காகத்தான் இவ்வளவு பாடும். தகப்பனைப் படத்தில் மட்டுமே கண்டு வளர்ந்த பிள்ளை. தகப்பன் என்றால் ஸ்ரனிஸ்லாஸ், புஷ்பமலரின் முதல் கணவன். இலங்கைச் சண்டைக் காலத்தில் அவள் கைக்குழந்தையோடு மொஸ்கோ வழியாக வந்து சேர்ந்துவிட்டாள். ஸ்ரனிஸ்லாஸை, காசு வாங்கி ஆட்களைக் கள்ளமாக அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஆபிரிக்கா வழியாக அனுப்பினான். சகாராவுக்குள் லொறியில் வரும்போது காய்ச்சல் கண்டு, பாவம், வழியிலேயே முடிந்துபோனான். கூட வந்த ஞானப்பிரகாசம்தான் தன் கையாலேயே மணலைத் தோண்டி உடலைத் தாட்டார். தலைமாட்டில் நின்ற செடியில் ஒரு கொப்பை முறித்து வந்து, பீலெஃபெல்ட் அகதி முகாமில் அவள் கையில் கொடுத்தார்.

பிறகு அவளைக் கட்டிக்கொண்டதும் அவர்தான். முதல் புருசன் செத்ததற்கு என்ன அத்தாட்சி என்று சுவாமியார் கேட்டபோது, பைபிளில் கை வைத்துச் சாட்சி சொன்னார். றொனால்டைத் தன் பிள்ளையாகவே வளர்த்தார், ஒருநாள் கை ஓங்கியதில்லை. கடவுள்தான் இந்த மனிதரை அனுப்பினார் என்று புஷ்பமலர் சொல்லாத ஆள் இல்லை.

இப்போது றொனால்டும் தகப்பனாகப் போகிறான். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதற்குமுன் அப்பாவின் கல்லறையில் ஒரு சிலுவை நட்டு, ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வர வேண்டும் என்று நிற்கிறான். சகாரா என்ன, கோயில் வளவா, போய்த் தேடிப் பார்க்க? இடம் ஞானப்பிரகாசத்துக்கும் தெரியாது. இந்தச் செடி எந்தப் பக்கம் வளரும் என்று தெரிந்தால் அந்தப் பக்கமாவது போகலாம்.

புஷ்பமலர் கண்ணை மூடிக்கொண்டு, பூவைப் போடச் சொல்லி லாராவுக்குத் தலையாட்டினாள்.

முப்பது வருடம் செபப் புத்தகத்துக்குள் நசுங்கிக் கிடந்த பூ, வெந்நீர் பட்டதும் மெல்ல மெல்ல விரிந்தது. சிலுவை போட்டுக்கொண்டாள்.

பூ ஊறட்டும் என்று லாரா பதிவுக்கான விபரங்களைக் கேட்டாள். பறித்தது யார்? புஷ்பமலர் பெருமையாகக் கணவனைக் காட்டினாள். எந்த இடத்தில்? அதைக் கேட்கத்தானே உங்களிடம் வந்தோம் என்றாள். கல் நிலமா, மணலா, பக்கத்தில் வேறு செடிகள் நின்றனவா என்றெல்லாம் லாரா துருவினாள். ஞானப்பிரகாசம் எல்லாவற்றுக்கும் மறந்துபோச்சு என்றார். குளிரூட்டிய அறையிலும் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. தாட்ட நேரத்தை நினைக்கிறார் போலும் என்று அவள் அவருடைய கையைத் தடவிக் கொடுத்தாள்.

லாரா பூதக்கண்ணாடியால் பூவைப் பார்த்தாள். எழுந்து போய் ஒரு தாளை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே இலை, அதே பூ. பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். இது சகாராவில் வளராது. ஒரு குளிர்காலம் முழுக்க உறைபனிக்குள் கிடந்தால்தான் இதன் விதை முளைக்கும். இந்த நாட்டில் தண்டவாளக் கரைச் சல்லிக்குள் நிறைய நிற்கும்.

"நீங்கள் சொல்லுங்கோ இவவுக்கு," என்று புஷ்பமலர் கணவன் பக்கம் திரும்பினாள்.

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அகதி முகாமின் பின்வேலிக்கு அந்தப் பக்கம் ரயில் ஓடியது அவளுக்கு நினைவு வந்தது. கோபம் வரவில்லை. அன்றைக்கு அவள் அழுத அழுகைக்கு அந்த மனிதரும் வேறு என்னதான் செய்திருப்பார்?

"என்னை ஆத்துறதுக்கு இஞ்ச பிடுங்கித் தந்தனீங்கள், என்ன? பரவாயில்லை. தாட்ட இடத்தில செடியொண்டும் நிண்டிராது," என்றாள்.

ஞானப்பிரகாசம் அவள் கைக்குள் இருந்த தன் கையை மெல்ல இழுத்துக்கொண்டார்.

"நான் அவனைத் தாட்டதேயில்லை, புஷ்பம். காய்ச்சல்காரனை ஏத்த ஏலாதெண்டு லொறிக்காரன் அவனை இறக்கி விட்டவன். திரும்பி வந்து ஏத்துறம் எண்டு நான்தான் பொய் சொன்னனான். லொறி வெளிக்கிடேக்க அவன் எழும்பி நிண்டு எனக்குக் கை காட்டினவன்."