பந்தயக் குதிரையின் பெயர்

அட்டைக் குதிரைகளுக்கு எதற்கு மனிதர்களின் பெயர் என்று சக்ரேஸ்வரி தனக்குள் கேட்டுக்கொண்டாள்.

ஆரணி கல்யாண மண்டபத்தில், உறுப்பினர்களைச் சேர்க்க ஒரு தானச் சங்கம் நடத்தும் குதிரைப் பந்தய விருந்து. சேருகிறவர் பெயரில் ஒரு குதிரை. பகடையில் விழும் எண்ணுக்குரிய குதிரை ஒரு கட்டம் நகரும்.

செயலாளர் நிஷா பகடையை அவள் கையில் திணித்தாள். "போன ரெண்டு வருஷமும் நீங்கதானேக்கா உருட்டினீங்க? எல்லாரும் காத்துகினு இருக்காங்க."

"இந்தத் தடவ வேணாம்மா."

"நம்ம சமணத்துல சூது ஆகாதுன்னா? காசா வெக்கிறோம்? தருமம்க்கா!"

கூட்டம் சிரித்தது.

முதல் வருஷம் தருமன் குதிரை ஜெயித்தது. மறுவருஷம் அகல்யாவின் குதிரை. ஒவ்வொரு பந்தயமும் முடிந்த பத்தாம் நாளில், ஜெயித்தவர் வீட்டுக்குச் சங்கம் ஐஸ் பெட்டியோடு போனது. அது கண்தானச் சங்கம்.

"ஜல்தி உருட்டு, சக்ரா!"

புதிதாகச் சேர்ந்த அவள் கணவர் அறவாழி, தன் பெயர் எழுதிய மூன்றாம் குதிரையைத் தட்டிக்கொடுத்தபடி அவசரப்படுத்தினார்.

சக்ரேஸ்வரி பகடையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வேணாங்க," என்றாள் மெதுவாக.