ஓடுபாதை முனையில் ஜம்போ

ஞானப்பிரகாசத்தின் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. அதற்காக அவர் புதிதாக வாங்கிய ஜம்போ விமானம், விளையாட்டோடு இலவசமாக வந்த குட்டி விமானத்தின் பக்கத்தில் வந்து நின்றது.

"நாம எப்பப் பறப்போம்?" என்று கேட்டது ஜம்போ.

"முதல்ல கதவைத் திறந்து மூடுவார். அப்புறம் விளக்கெல்லாம் போட்டுப் பார்ப்பார்," என்றது குட்டி விமானம் அலுப்போடு.

அப்படியே நடந்தது. பிறகு எஞ்சின் உறுமியது. ஜம்போ ஓடுபாதையின் முனைவரை போய் ஆவலோடு நின்றது. சட்டென்று எஞ்சின் அணைந்தது.

"என்ன ஆச்சு?" என்று அங்கிருந்தே கத்தியது ஜம்போ.

"வேற ஒரு விமானத்தோட விமர்சனத்தை நெட்ல பார்க்கப் போயிட்டார். மழை பெய்தா அதுல கண்ணாடி துடைக்கிற வைப்பர்கூட ஓடுதாம்."

"அப்ப நான்?"

"டிஸ்க்குல இடம் இல்லை. அது வரணும்னா உன்னை அழிக்கணும். உனக்கு முன்னாடி இங்க நின்னவங்களும் இப்படித்தான் போனாங்க."

"உன்னை மட்டும் ஏன் விட்டு வச்சிருக்கார்?"

"நான் இருக்கிறதே அவருக்கு ஞாபகம் இல்லை."

ஜம்போ ஏதோ சொல்ல வந்தது. அதற்குள் மறைந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில், ஜம்போ முதலில் நின்ற இடத்தில் வைப்பர் வைத்த விமானம் பளபளவென்று வந்து நின்றது. அது வாயைத் திறப்பதற்கு முன்பே குட்டி விமானம் சொன்னது:

"முதல்ல கதவைத் திறந்து மூடுவார்."