இறங்கிக் கொடுக்காத ஷாக் அப்சார்பர்

அந்த எலெக்ட்ரிக் பைக்கின் பின்பக்க ஷாக் அப்சார்பருக்கு ஒரு பெருமை இருந்தது. எந்தப் பள்ளத்துக்கும் அது இறங்கிக் கொடுத்ததே இல்லையாம். அதனால் வேகத்தடை வரும்போதெல்லாம் அடி முழுவதையும் சீட்தான் வாங்கியது.

"கொஞ்சம் அமுங்குனா என்னண்ணே? ஓட்டுறவருக்கு முதுகு போயிடும்" என்று சீட் கெஞ்சியது.

"அமுங்குறதெல்லாம் உன்ன மாதிரி பஞ்சுப் பயலுக்கு. நான் பேட்டரியையே சுமக்கிறவன்."

ஓட்டுகிறவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மெக்கானிக் அந்த ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டு, மெத்தென்று இறங்கி ஏறும் புதியதை மாட்டினார். கழற்றியதைப் பட்டறைக் கதவுக்கு முட்டாக வைத்தார்.

மறுநாள் காலையில் தெருநாய் ஒன்று வந்து அதன்மேல் காலைத் தூக்கியது.

நாய் போன பிறகு ஷாக் அப்சார்பர் கதவைப் பார்த்துச் சொன்னது: "கவனிச்சியா? இப்பவும் நான் அசையல."