மெழுகுவத்திப் பிழை

பிரான்சின் போர்தோ நகரப் புத்தகக் கடையில், நாவலாசிரியை ஒடீல் வாசகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். வரிசையை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார் ஒயின் வியாபாரி காஸ்பார்.

"மதாம்! என் கிடங்கு எரிஞ்சதுக்குக் காப்பீட்டுப் பணம் கேட்டு நான் கோர்ட்டுக்குப் போயிருக்கேன். காப்பீட்டுக்காகத் தன் கிடங்கையே கொளுத்துறானே உங்க நாவல்ல ஒருத்தன், அது நான்தான்னு ஊரே சிரிக்குது!"

"அது வெறும் கற்பனை, முசியே."

"எது கற்பனை? என் நொண்டி நாய்கூட அதுல இருக்கு! எழுதுறதுதான் எழுதுறீங்க, சரியா எழுதக் கூடாதா?"

"எது தப்பு?"

"மெழுகுவத்தியாம்! அந்த ஈரக் கிடங்கு மெழுகுவத்திக்கெல்லாம் பத்திக்குமா? ரெண்டு கேன் பெட்ரோல் ஊத்தினேன்!"

ஒடீல் அவர் கையிலிருந்த நாவலை வாங்கி, நிதானமாக எழுதிக் கொடுத்தாள்.

'அன்புள்ள காஸ்பாருக்கு, அடுத்த பதிப்பில் பெட்ரோல் என்று திருத்திவிடுகிறேன். வியாழக்கிழமை கோர்ட்டில் சந்திப்போம். இப்படிக்கு, ஒடீல், உங்கள் காப்பீட்டுக் கம்பெனியின் வக்கீல்.'