எவடம்

சச்சிதானந்தன் விரலை நாக்கில் தொட்டு புரூஃபின் ஐந்தாம் பக்கத்தைப் புரட்டினார். அதே விரலைக் கொண்டுபோய் நிலாணியின் கணினித் திரையில் வைத்தார்.

“உவனை வெட்டிவிடுங்கோ பிள்ளை.”

விரலை எடுத்த இடத்தில் எச்சில் பளபளத்தது. சரியாக ஒரு மனிதரின் முகத்துக்கு மேலே.

நிலாணி தன் கதிரையைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளினாள்.

ரொறன்ரோ மோர்னிங்சைட்டில் உள்ள கிளிபோட் அண்ணையின் அச்சகத்தில் அவள்தான் வடிவமைப்பாளர். கலியாணக் கார்ட், செத்தவர்களுக்கான அந்தியேட்டி மலர், கோவில் நோட்டீஸ் எல்லாம் அவள் கையால்தான் போகும். இந்த முறை வந்தது பெரிய வேலை. 1931இல் வெள்ளைக்காரன் வைத்த தேர்தலை யாழ்ப்பாணம் புறக்கணித்ததன் தொண்ணூற்றைந்தாம் ஆண்டு மலர். விழாக்குழுத் தலைவர் சச்சிதானந்தன். திருத்தம் சொல்லவென்று றிச்மண்ட் ஹில்லில் இருந்து நாலாவது தடவையாக வந்திருக்கிறார்.

முழுச் சுதந்திரம் தராத அரசியலமைப்பு வேண்டாம் என்று அன்றைய இளைஞர்கள் சொன்னார்கள். கல்லெறியவில்லை, தடி தூக்கவில்லை. வேட்புமனு கொடுக்க ஒருவரும் போகவில்லை, அவ்வளவுதான். சட்டசபையில் நாலு ஆசனங்கள் மூன்று வருடம் வெறுமையாகக் கிடந்தன. அதை வீரம் என்பவர்களும் உண்டு, விசர்த்தனம் என்று இன்றைக்கும் ஏசுகிறவர்களும் உண்டு.

அந்த இளைஞர்கள் இன்னொன்றும் சொன்னார்கள். வெள்ளைக்காரனிடம் சமத்துவம் கேட்க முதல், ஊருக்குள் எல்லாரும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார்கள். எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் சமமாக இருத்தியதற்காகப் பள்ளிக்கூடத்துக்கே நெருப்பு வைத்த காலம் அது.

திரையில் இருந்தது அந்தக் காலத்துப் படம். அனுப்பியவர் பெயர் இல்லாமல் விழாக்குழுவுக்குத் தபாலில் வந்தது. ஐந்து கதிரைகள், ஐந்து இளைஞர்கள். ஓரத்திலிருந்து இரண்டாவது ஆள் சச்சிதானந்தனின் அப்பப்பா. அவருடைய கை, ஓரத்தில் இருந்தவரின் தோளில் கிடந்தது.

பின்பக்கத்தில் ஐந்து பெயர்களும் மையால் எழுதப்பட்டிருந்தன. ஐந்துக்கும் முன்னால் ‘திரு’ இருந்தது.

“பேரைப் பாருங்கோ, சின்னவனாம். உவனுக்கும் ஒரு திரு!” சச்சிதானந்தன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

ஓரத்தில் இருந்தவரின் பெயர் அது. தாழ்த்தப்பட்ட சாதியாரை அன்றைக்கு அப்படியான பெயர்களைத்தான் வைக்க விட்டார்கள்.

“அங்கிள், இவரை வெட்டினா உங்கட அப்பப்பாவின்ர கையும் சேர்ந்து போகும்.”

“போனாப் போகட்டும். நாளைக்குச் சனம் பாத்திட்டு, பக்கத்தில இருக்கிறது ஆரெண்டு கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது?”

போனாப் போகட்டுமாம். அந்தக் கைக்காகத்தானே மலர் போடுகிறார்கள்!

பக்கத்துத் திரையில் தலைவர் உரை திறந்து கிடந்தது. ‘சாதி பாராது, சமயம் பாராது, யாழ்ப்பாணம் ஒரே மனிதனாக எழுந்து நின்ற நாள்’ என்று அவரே எழுதியது. அதில் எழுத்துப் பிழைகளை மூன்று தரம் திருத்திக் கொடுத்தவள் நிலாணி. இப்போது அந்த வசனத்தைப் பார்க்க, பழுதான கறியின் மூடியைத் திறந்ததுபோல் இருந்தது.

அவள் மவுஸைப் பிடித்தாள். வெட்டும் கோடு ஓரத்தவரின் தோளுக்கும் அப்பப்பாவின் மணிக்கட்டுக்கும் நடுவில் வந்து நின்றது. ஒரு அழுத்து அழுத்தினால் போதும். அவர் கதிரையோடு காணாமல் போய்விடுவார். ஐந்நூறு பிரதிகளில் நாலு பேர்தான் சுதந்திரம் கேட்டிருப்பார்கள்.

அவள் விரல் அழுத்தவில்லை.

தாமதத்தைக் கண்ட சச்சிதானந்தன் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார். குரலைத் தாழ்த்தினார். முகத்தில் ஒரு செல்லச் சிரிப்பு.

“அதுசரி, பிள்ளையின்ர ஊர் சுன்னாகமெண்டு சொன்னனீங்கள். சுன்னாகத்தில எவடம்?”

இதை அவர் முதல் நாளும் கேட்டார். ரெயில் ஸ்டேஷனடி என்றாள். ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம் என்றார். மற்றத் தடவை, எந்தக் கோவிலடி என்றார். அதற்கடுத்த தடவை, எந்தச் சந்து, எந்த ஒழுங்கை என்றார். ஆறு வயதில் கனடா வந்தவளுக்கு அந்தக் கேள்வி ஒழுங்கையைத் தேடி வரவில்லை, சாதியைத் தேடி வந்தது என்று தெரியும். ரொறன்ரோவில் ‘எவடம்’ என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான் அவள் அப்பா பழகினவர்களின் வீடுகளுக்குப் போவதையே நிறுத்தினார். அவளும் இந்த மூன்று தடவையும் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டாள். மழுப்பியதை நினைக்க, அவரைவிடத் தன்மீதுதான் அதிகம் அருவருத்தது.

மேசையில் இருந்த ரிஷுத் தாளை எடுத்து, திரையில் காய்ந்துகொண்டிருந்த எச்சிலை அழுத்தித் துடைத்தாள். ஓரத்தில் இருந்தவரின் முகம் தெளிந்து வந்தது. அகலக் காது, சற்றே பிரிந்த முன்பற்கள்.

நிலாணி அவருடைய தோளில், அந்தக் கை கிடந்த இடத்துக்குப் பக்கத்தில், தன் விரலை வைத்தாள்.

“இவடம், அங்கிள். இவர் என்ர பூட்டன், அப்பாவின்ர அப்பப்பா. படத்தை அனுப்பினதும் நான்தான்.”

சச்சிதானந்தன் அவளுடைய கதிரையின் கைப்பிடியில் வைத்திருந்த தன் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

படத்தில் இருந்த கை அப்படியே கிடந்தது.